வானத்தில் பெயர் பெற்ற மனிதர் யார்?

வினாடி வினா நடத்துபவர்களுக்குப் பிடித்தமான கேள்வி இது: “உண்மையில் வாழ்ந்த மனிதர் ஒருவரின் பெயரால் வழங்கும் ஒரே விண்மீன் கூட்டம் எது?” கேள்வித்தாளில் எழுதியிருக்கும் விடை, கோமா பெரனிசிஸ். எகிப்தின் அரசி பெரெனிகேயின் கூந்தல் என்று பொருள். அரங்கில் வானியல் ஆர்வலர் ஒருவர் இருந்தால் உடனே எழுந்து, “ஸ்கூட்டம் இருக்கிறதே, அது போலந்து மன்னர் சோபியெஸ்கியின் கேடயம் அல்லவா?” என்பார். பின் வரிசையிலிருந்து இன்னொருவர் மூன்றாவது பெயர் ஒன்றைச் சொல்வார்: ஆன்டினவுஸ்.

மூன்று பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. யாருக்கு மதிப்பெண் கொடுப்பது என்று தீர்மானிக்க, வானத்துக்குப் பெயர் வைத்தவர் யார், அந்தப் பெயரை ஏற்றவர் யார், நீக்கியவர் யார் என்று தேடிப் போகவேண்டும். போகிற வழியெங்கும் வியப்புகள்.

முதல் விடையிலிருந்து தொடங்குவோம். கி.மு. 246இல் எகிப்தின் அரியணை ஏறிய மூன்றாம் டாலமி, உடனேயே சிரியாமீது படையெடுத்துச் சென்றார். கணவர் நலமாகத் திரும்பினால் தன் கூந்தலைக் காணிக்கையாகத் தருவதாக அரசி பெரெனிகே நேர்ந்துகொண்டார். மன்னர் திரும்பினார். அரசியும் சொன்னபடி கூந்தலை அறுத்துக் கோயிலில் வைத்தார். அது காணாமல் போயிற்று. அப்போது அரசவை வானியலாளர் கோனான், சிங்கக் கூட்டத்தின் வாலுக்கு அருகே மங்கலாக மின்னும் மீன்களைக் காட்டி, கூந்தல் வானேறிவிட்டது என்று அறிவித்தார். இந்த நிகழ்ச்சியை அலெக்சாந்திரியாவின் கவிஞர் கலிமாக்கஸ் பாடலாக எழுதினார். அந்தக் கிரேக்கப் பாடல் இன்று பாப்பிரஸ் துண்டுகளாகவே கிடைக்கிறது. ரோமானியக் கவிஞர் கட்டுல்லஸ் அதை லத்தீனில் பெயர்த்ததால்தான் முழுக்கதையும் நமக்கு வந்து சேர்ந்தது.

கோனான் காட்டிய இடம் வெறும் கற்பனை இல்லை. அங்கே உண்மையிலேயே கூந்தல் இழைகளைப் போலச் சிதறிக் கிடக்கும் மீன்கள் உண்டு. நகர வெளிச்சம் இல்லாத ஊர்களில் நீங்களே பார்க்கலாம். மே மாதத் தொடக்கத்தில் இரவு பத்து மணி வாக்கில் அண்ணாந்து பாருங்கள். செம்மஞ்சளாக ஒளிரும் சுவாதி ஒரு பக்கம். பஞ்சாங்கத்தின் உத்திரத்தோடு பொருத்திச் சொல்லப்படும் டெனெபோலா மறுபக்கம். இரண்டையும் ஒரு கோட்டால் இணையுங்கள். அந்தக் கோட்டில் டெனெபோலாவின் பக்கமாக நின்று, கையை முழுதாக நீட்டி, வடக்கே ஒரு முஷ்டி அளவு தள்ளிப் பார்த்தால் மெல்லிய மினுமினுப்பு தெரியும். நேராக உற்றுப் பார்ப்பதைவிடக் கண்ணைச் சற்றே ஒதுக்கிப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். கண்ணின் விழித்திரையில் மங்கிய ஒளியை உணரும் செல்கள் நடுவில் இல்லாமல் ஓரங்களில் நிறைந்திருப்பதே காரணம்.

இந்த மினுமினுப்பு ஒரு விண்மீன் கொத்து. ஒரே வாயு மேகத்தில் ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்து, இன்றும் சேர்ந்தே பயணிக்கும் மீன்களுக்கு அப்படிப் பெயர். தொலைவு சுமார் 280 ஒளியாண்டு. ஒளி ஓர் ஆண்டில் கடக்கும் தூரமே ஒளியாண்டு. அப்படியென்றால், இன்றிரவு நம் கண்ணில் விழும் இந்த ஒளி புறப்பட்டபோது இந்தியாவில் ரயிலும் இல்லை, தந்தியும் இல்லை.

இந்தக் கூட்டத்தில் மிகப் பிரகாசமான மூன்று மீன்களில் ஒன்றுகூட அந்தக் கொத்தைச் சேர்ந்தது இல்லை. முதன்மையான இரண்டில் ஒன்று 30 ஒளியாண்டு தொலைவில், மற்றொன்று 58 ஒளியாண்டு தொலைவில். கொத்தோ அவற்றுக்கெல்லாம் வெகுதூரம் பின்னால். பூமியிலிருந்து பார்க்கும்போது ஒரே திசையில் விழுவதால் ஒன்றாகத் தெரிகின்றன. விண்மீன் கூட்டம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் ஒரு திசையின் பெயரே.

அதே திசையில் இன்னும் ஆழமாகப் போனால், சுமார் 32 கோடி ஒளியாண்டு தொலைவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேரடைகள் குவிந்திருக்கின்றன. பேரடை என்பது நம் பால்வீதியைப் போல எண்ணற்ற விண்மீன்கள் சேர்ந்த பேரமைப்பு. பால்வீதி ஒரு தட்டையான வட்டு. நாம் அதற்குள்ளே இருக்கிறோம். வட்டின் தளத்தோடு பார்த்தால் தூசியும் வாயுவும் பார்வையை மறைக்கும். பெரெனிகேயின் கூந்தல் இருப்பதோ வட்டுக்குச் செங்குத்தான திசையில். பால்வீதியின் வடமுனை என்று வானியலாளர்கள் குறிக்கும் புள்ளியே இந்தக் கூட்டத்துக்குள்தான் வருகிறது. தூசி குறைந்த அந்தச் சாளரத்தின் வழியே நம் பார்வை தொலைதூரம் பாய்கிறது.

1933இல் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி அந்தச் சாளரத்தின் வழியே பார்த்த பேரடைகளின் வேகத்தைக் கணக்கிட்டார். அவை இத்தனை வேகமாக ஓடினால் திரள் எப்போதோ சிதறியிருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் பொருள்களின் ஈர்ப்பு அவற்றைக் கட்டிவைக்கப் போதாது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று பிடித்துவைத்திருக்கிறது என்று முடிவுக்கு வந்தார். இன்று நாம் கரும்பொருள் என்று சொல்லும் புதிருக்கு முக்கியமான தொடக்கச் சான்றுகளில் அது ஒன்று. அரசியின் நேர்த்திக்கடனில் தொடங்கிய பெயர், கோமா பேரடைத் திரள் என்ற உருவில் இயற்பியல் ஆய்வேடுகளில் இன்றும் அன்றாடம் புழங்குகிறது.

அடுத்து, கேடயத்தின் வாதம். கிடான்ஸ்க் நகரில் வாழ்ந்த யோகானஸ் ஹெவேலியஸ், தொலைநோக்கி பரவிவிட்ட காலத்திலும் மீன்களின் இடத்தை வெறுங்கண்ணால் அளந்தவர். 1679இல் அவருடைய வானாய்வகம் தீக்கிரையானது. அவரை ஆதரித்த புரவலர், போலந்து மன்னர் மூன்றாம் ஜான் சோபியெஸ்கி. 1683 செப்டம்பரில் வியன்னாவைச் சூழ்ந்திருந்த ஓட்டோமான் படையை முறியடித்தவரும் இதே மன்னர். அடுத்த ஆண்டே ஹெவேலியஸ், கழுகுக் கூட்டத்துக்கும் தனுசுக்கும் அருகே சில மீன்களைச் சேர்த்து, ‘சோபியெஸ்கியின் கேடயம்’ என்று அறிவித்தார். அவர் 1687இல் இறந்தார். விண்வரைபட நூல் 1690இல், அவருடைய பணியில் கூடவே உழைத்த மனைவி எலிசபெத்தின் முயற்சியால் வெளிவந்தது.

ஆகவே ஸ்கூட்டத்துக்காக எழுந்தவர் சொன்னது வரலாற்றுப்படி முழுக்கச் சரி. பெரெனிகே கதையைவிட இதற்கு ஆவணங்களும் அதிகம். ஆனால் காலப்போக்கில் பெயரின் பாதி உதிர்ந்தது. கேடயம் நின்றது, மன்னர் போய்விட்டார். இன்றைய அதிகாரபூர்வப் பட்டியலில் இருப்பது ‘ஸ்கூட்டம்’, அதாவது வெறும் ‘கேடயம்’.

மூன்றாவது பெயரான ஆன்டினவுஸுக்கு நேர்ந்தது இன்னும் பெரிய இழப்பு. ரோமப் பேரரசர் ஹாட்ரியனின் அன்புக்குரிய இளைஞர் அவர். கி.பி. 130இல் நைல் நதியில் மூழ்கி இறந்தார். பேரரசரின் துயரம் அவரை வானத்தில் ஏற்றியது. சில ஆண்டுகளிலேயே, அலெக்சாந்திரியாவின் வானியலாளர் டாலமி ஆயிரத்துக்கும் மேற்பட்ட மீன்களை 48 கூட்டங்களாகப் பிரித்துத் தொகுத்த ‘அல்மஜெஸ்ட்’ நூலில் அந்தப் பெயர் இடம்பெற்றது. இந்த டாலமிக்கும் எகிப்திய அரச குடும்பத்துக்கும் தொடர்பில்லை.

அந்த நூலில் பெரெனிகேயின் கூந்தலும் ஆன்டினவுஸும் சமநிலையில் இருந்தன என்பதுதான் வேடிக்கை. 48 கூட்டங்களில் இரண்டுமே இல்லை. ஒன்று சிங்கத்தை ஒட்டிய உதிரி மீன்களாக, மற்றொன்று கழுகை ஒட்டிய உதிரி மீன்களாகக் குறிக்கப்பட்டது. பதினாறாம் நூற்றாண்டில் மெர்கேட்டர் செய்த விண்கோளத்தில் இரண்டும் வரையப்பட்டன. 1602இல் வெளிவந்த டைக்கோ பிராகியின் பட்டியலிலும் இரண்டும் தனிக் கூட்டங்களாக நின்றன. அதன்பின் பாதைகள் பிரிந்தன. கூந்தல் தன் இடத்தைத் தக்கவைத்தது. ஆன்டினவுஸின் மீன்களைக் கழுகு மெல்லமெல்லத் தனக்குள் சேர்த்துக்கொண்டது.

அப்படிச் சேர்ந்தவற்றில் ஒன்று சாதாரண மீன் இல்லை. திருவோணத்துக்கு நேர் தெற்கே, நீட்டிய கையின் முஷ்டி அளவைவிடச் சற்றுக் குறைவான தொலைவில் இருக்கும் அதற்கு இன்று ஈட்டா அக்விலே என்று பெயர். 1784 செப்டம்பரில் இங்கிலாந்தின் யார்க் நகரில் எட்வர்டு பிகாட் அதன் ஒளி கூடிக்குறைவதைக் கண்டார். அப்போது அதற்கு வழங்கிய பெயர் ஈட்டா ஆன்டினோய். 7 நாள் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை அது உப்பிச் சுருங்குகிறது. உச்சத்தில் அதன் ஒளி இருமடங்குக்கும் மேலாகிறது. அடுத்த மாதமே அவருடைய நண்பர் ஜான் குட்ரிக், செபியஸ் கூட்டத்தில் அதே போன்ற இன்னொரு மீனைக் கண்டார். இந்த வகை மீன்களுக்கு இரண்டாவதின் பெயரே நிலைத்து, ‘செபீட்’ ஆயிற்று. 1912இல் ஹென்ரியெட்டா லெவிட், செபீடுகள் எவ்வளவு மெதுவாகத் துடிக்கின்றனவோ அவ்வளவு அதிக ஒளியுடையவை என்று காட்டினார். துடிப்பின் காலத்தை அளந்தால் உண்மையான ஒளி தெரியும். அது எவ்வளவு மங்கித் தெரிகிறது என்று பார்த்தால் தொலைவு தெரியும். பேரடைகளின் தொலைவை அளக்க மனிதருக்குக் கிடைத்த அளவுகோல் இது.

சரி, எந்தப் பெயர் நிற்கவேண்டும் என்று இறுதியாகத் தீர்மானித்தது யார்? பல நூற்றாண்டுகளாக யாருமே இல்லை. வரைபடம் வரைந்தவர் தமக்கு வேண்டிய பெயரைச் சேர்த்தார். 1801இல் யோகான் போடே வெளியிட்ட விண்வரைபடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கூட்டங்கள் இருந்தன. பிரஷ்ய மன்னர் ஃபிரெடரிக்கின் பெருமை, போனியாடோவ்ஸ்கியின் காளை, ஹெர்ஷலின் தொலைநோக்கி என்று மனிதர் பெயர் தாங்கியவை அதில் பல. அந்தக் காலத்தில் யாராவது இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், ‘ஒரே’ என்ற சொல்லுக்கே இடமிருந்திருக்காது.

குழப்பத்தை முடித்துவைத்தது பன்னாட்டு வானியல் ஒன்றியம். 1919இல் தோன்றிய இந்த அமைப்பு, 1922இல் ரோம் நகரில் முதல் பொதுக்கூட்டம் நடத்தி 88 கூட்டங்களின் பட்டியலை ஏற்றது. ஆன்டினவுஸ் அதில் இல்லை. கேடயம் தனியாக வந்தது. கூந்தல் பெரெனிகேயோடு வந்தது.

இந்த 88 என்ற எண் எப்படி வந்தது என்று கூட்டிப் பார்ப்பதே ஒரு சுவை. டாலமியின் 48இல் 47 அப்படியே தொடர்கின்றன. மிச்சமிருந்த ஒன்றான ஆர்கோ கப்பல் மிகப் பெரியது என்பதால் அடிமரம், பின்தளம், பாய் என மூன்றாக உடைந்தது. ஆக 50. பெரெனிகேயின் கூந்தலோடு 51. டச்சுக் கடலோடிகள் கெய்சரும் டி ஹவுட்மனும் 1590களில் தெற்குக் கடல்களில் கண்டு குறித்தவை 12. பிளான்சியஸ் சேர்த்தவை 3. தெற்குச் சிலுவை 1. ஹெவேலியஸின் கூட்டங்களில் பிழைத்தவை 7. கடைசியாக, 1751–52இல் நன்னம்பிக்கை முனையிலிருந்து ஏறத்தாழ 10,000 தென்வான மீன்களை அளந்த பிரெஞ்சு வானியலாளர் லக்காய் சேர்த்தவை 14. மொத்தம் 88.

லக்காய் அரசர்களைத் தேடவில்லை. நுண்ணோக்கி, ஊசல் கடிகாரம், காற்றுப் பம்பு, உலை என்று அறிவியல் கருவிகளை வானத்தில் வைத்தார். தாம் தங்கி ஆய்வு செய்த கேப் டவுனின் மேசை மலைக்கும் ஓர் இடம் கொடுத்தார். அதுதான் மென்சா. “பூமியில் உள்ள மலை ஒன்றின் பெயரைப் பெற்ற விண்மீன் கூட்டம் எது?” என்ற வினாவுக்கு அதுவே விடை. அங்கே சண்டைக்கு வழியில்லை.

உடைந்த கப்பலும் தன் தழும்பைக் காட்டுகிறது. ஒரு கூட்டத்தின் மீன்களுக்கு ஆல்ஃபா, பீட்டா, காமா எனக் கிரேக்க எழுத்துகளை வரிசையாகச் சூட்டுவது வழக்கம். கப்பலைப் பிரித்தபோது எழுத்துகளை மாற்றாமல் விட்டார்கள். எனவே ஆல்ஃபா அடிமரத்துக்குப் போனது. நாம் அகத்திய நட்சத்திரம் என்று வணங்குவது அந்த மீனைத்தான். பாய்க்கு ஆல்ஃபாவும் இல்லை, பீட்டாவும் இல்லை. அது காமாவிலிருந்து தொடங்குகிறது.

பெயர்ப் பட்டியல் முடிந்தாலும் எல்லைச் சிக்கல் தீரவில்லை. ஒளி மாறும் புது மீன் ஒன்றைக் கண்டால், அது இருக்கும் கூட்டத்தின் பெயரோடு சேர்த்தே அதற்குப் பெயர் வைப்பார்கள். எல்லையோ ஒவ்வொரு வரைபடத்திலும் ஒவ்வொரு விதமாக வளைந்து நெளிந்தது. பெல்ஜியத்தின் யூஜீன் டெல்போர்ட் அதை ஒழுங்குபடுத்தினார். 1928இல் ஒப்புதல் பெற்று 1930இல் அச்சேறிய அவருடைய எல்லைகள் எல்லாம், பூமியின் அட்சரேகை, தீர்க்கரேகைகளை வானத்தின்மேல் விரித்தது போன்ற கட்டங்களின் வழியே செங்கோணமாகத் திரும்புகின்றன. கிராமத்தில் ஒவ்வோர் அடி மண்ணும் ஏதோ ஒரு சர்வே எண்ணுக்குள் வந்துவிடுவதைப் போல, வானத்தின் ஒவ்வொரு புள்ளியும் 88இல் ஏதோ ஒன்றுக்கு உரியதாயிற்று. இடைவெளியும் இல்லை, உரிமைத் தகராறும் இல்லை. பெரெனிகேயின் கூந்தலுக்குக் கிடைத்த பரப்பில் சுமார் 1,900 முழுநிலாக்களைப் பதிக்கலாம். கேடயத்துக்கு அதில் மூன்றில் ஒரு பங்கும் இல்லை.

டெல்போர்ட் தம் கோடுகளை 1875ஆம் ஆண்டின் வானத்துக்குப் பொருத்தினார். தென்வானத்துக்கு பெஞ்சமின் கூல்ட் அதே ஆண்டை வைத்து முன்பே எல்லை வகுத்திருந்ததால், அதோடு இணங்கிப்போனார். இதில் நுட்பமான விளைவு ஒன்று ஒளிந்திருக்கிறது. பூமியின் அச்சு சுமார் 26,000 ஆண்டுக்கு ஒரு சுற்று மெல்லத் தள்ளாடுகிறது. இதுவே அயன அசைவு. அதனால் வானத்தின் அட்ச, தீர்க்கக் கட்டங்கள் ஆண்டுதோறும் நகர்கின்றன. 1875இலிருந்து இதுவரை நகர்ந்தது சுமார் 2 பாகை, அதாவது நான்கு முழுநிலாக்களின் அகலம். எல்லைக் கோடுகளோ மீன்களின் பின்னணியில் பழைய இடத்திலேயே நிற்கின்றன. எனவே இன்றைய கட்டங்களை வரைந்து அவற்றின்மேல் எல்லைகளை வைத்தால் கோடுகள் சற்றே சாய்ந்திருக்கும்.

எல்லை நின்றாலும் மீன்கள் நிற்பதில்லை. ஒவ்வொரு விண்மீனும் தன் வழியில் ஓடுகிறது. கழுகுக் கூட்டத்தின் ரோ என்று நான்கு நூற்றாண்டுகளாக அறியப்படும் மீன், 1992இல் எல்லையைத் தாண்டிப் பக்கத்து டால்பின் கூட்டத்துக்குள் நுழைந்துவிட்டது. பெயர் இன்னும் கழுகு, முகவரி டால்பின். நீக்கப்பட்ட கூட்டங்களும் முழுதாக மறைவதில்லை. லாலாந்து 1795இல் அமைத்த சுவர்க் கால்வட்டம் 1922இல் பட்டியலிலிருந்து விழுந்தது. ஜனவரித் தொடக்கத்தில் அந்தத் திசையிலிருந்து பொழியும் எரிமீன்களை உலகம் இன்றும் குவாட்ரன்டிட்ஸ் என்று அதன் பெயரால்தான் அழைக்கிறது.

இப்போது தீர்ப்புக்கு வருவோம். கேட்கப்பட்ட கேள்வி, மனிதரின் ‘பெயரால் வழங்கும்’ கூட்டத்தைப் பற்றியது. இன்றைய 88இல் வாழ்ந்த மனிதரின் பெயரைத் தன் பெயரிலேயே வைத்திருப்பது கோமா பெரனிசிஸ் ஒன்றுதான். எனவே கேள்வித்தாளின் விடை சரி. ‘மனிதரைச் சிறப்பிக்கப் படைக்கப்பட்ட’ கூட்டம் என்று கேட்டிருந்தால் ஸ்கூட்டத்துக்கும் மதிப்பெண் தந்தே ஆகவேண்டும். அப்போது ‘ஒரே’ என்ற சொல் பொய்யாகிவிடும். ‘எப்போதாவது வழங்கிய’ என்று கேட்டால் ஆன்டினவுஸும் போடேயின் வரைபடத்து மன்னர்களும் வரிசையில் வந்து நிற்பார்கள்.

மீன்கள் பெயரோடு பிறக்கவில்லை. மனிதர்கள் வைத்தார்கள், நகலெடுத்தார்கள், சுருக்கினார்கள், கடைசியில் கூடிப் பேசி வாக்களித்தார்கள். ஆகவே வானத்துப் பெயர்களைப் பற்றிய எந்த விடைக்கும் ஓர் ஆண்டுக்குறிப்பு உண்டு. கேள்வி தயாரிப்பவர்கள் “1922 முதல் வழங்கும் பட்டியலின்படி” என்று சில சொற்களைச் சேர்த்துவிட்டால் போதும், விடை ஒன்றே ஒன்றாகிவிடும். மாற்று விடை சொல்லி எழுந்தவரையும் சும்மா உட்காரச் சொல்லிவிட வேண்டாம். ஹெவேலியஸையும் ஹாட்ரியனையும் அறிந்துவைத்திருப்பவருக்கு ஒரு நிமிடம் ஒலிவாங்கியைக் கொடுத்தால், மதிப்பெண் வாங்கிய அணியும் அன்று கூடுதலாக ஒன்றைக் கற்றுக்கொண்டு வீடு திரும்பும்.